ஓயாமல் ஓடும் ஹார்ட் டிஸ்க்: பொறுத்துப் பார்ப்பதா, எஸ்எஸ்டி போடுவதா, புதுசே வாங்குவதா?

கணினியைத் திறந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. நாம் எதையும் தொடவில்லை. ஆனாலும் பெட்டியின் முகப்பில் உள்ள சின்ன விளக்கு விடாமல் மின்னுகிறது, உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கிறது, மவுஸை அசைத்தால் அம்புக்குறி யோசித்து யோசித்து நகர்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு கணினி இருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம் என்றானபோது, கையில் இருந்த காசுக்கு யாரோ கழித்துவிட்ட அலுவலகக் கணினியையோ பழைய மடிக்கணினியையோ வாங்கிப் போட்டார்கள். பெரும்பாலும் 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்குச் சமாளித்த கணினி இன்றைக்குத் திணறுகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போடு, பின்னணியில் ஓடும் சர்வீஸை நிறுத்து, ரேம் ஏற்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மாற்று, விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போ, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதுசு வாங்கு. இவை ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, பலன் வேறு, ஆபத்தும் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு எஸ்எஸ்டிதான் சரியான செலவு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். டிஸ்க் வெறுமனே மெதுவாக ஓடுகிறதா, அல்லது சாகக் கிடக்கிறதா?

முதலில் டிஸ்க்கின் உடல்நிலை

இதைப் பார்க்காமல் எந்த வைத்தியத்திலும் இறங்கக்கூடாது. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதை ஒரே பக்கத்தில் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. வண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6. 05 என்பது கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது மீட்கவே முடியாதவை. மூன்றும் சுழியமாக இருந்தால் நிம்மதி. சி5 ஏறிக்கொண்டே போனால், உங்கள் கணினி ஓயாமல் ஓடுவதற்குக் காரணம் எந்த மென்பொருளும் இல்லை. கெட்ட இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் பழுது. அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

காதும் ஓரளவு சொல்லும். சீரான கரகர சத்தம் வேலை செய்யும் சத்தம். 'டிக்… டிக்…' என்று ஒரே இடைவெளியில் தட்டிவிட்டு, நின்று, மறுபடி சுழலத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி அல்ல.

சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு வழி ஒன்றுதான்: படங்களையும் ஆவணங்களையும் உடனே வேறு இடத்துக்கு நகலெடுப்பது. அப்பா அம்மாவின் தோட்டத்துக் காலத்துப் படங்கள், கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் முதலில். சினிமாவும் பாட்டும் கடைசியில். அதுவரை சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வேண்டாம், பிழை தேடும் 'செக்டிஸ்க்' வேண்டாம், ஃபார்மட் வேண்டவே வேண்டாம். குறிப்பாக, கெட்ட பகுதிகளைத் தேடும் செக்டிஸ்க் முழு டிஸ்க்கையும் மூலை முடுக்கெல்லாம் படிக்கும். தள்ளாடுகிற டிஸ்க்குக்கு அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடக்கூடும். கணினி மெதுவாக இருக்கிறது என்று கடையில் விட்டால், பல இடங்களில் முதலில் செய்வது ஃபார்மட்தான். அதனால்தான் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள் என்று வலியுறுத்துகிறேன்.

100 சதவீதம் என்றால் என்ன

டிஸ்க் நலமாக இருக்கிறது, ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று நிற்கும். ஆனால் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்றுதான் இருக்கும். பலருக்கு இங்கேதான் குழப்பம். 100 என்பது டிஸ்க் தன் முழு வேகத்தில் தகவலைக் கொட்டுகிறது என்று பொருளல்ல. அந்த நேரம் முழுக்க அதற்கு ஓய்வு இல்லை, அவ்வளவுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே நிரையில் வரிசையாக நிற்கும் மரங்களை விறுவிறுவென்று வெட்டி முடித்துவிடலாம். அதே எண்ணிக்கை மரங்கள் மூன்று மேட்டில் சிதறிக் கிடந்தால், கத்தி மரத்தில் படும் நேரத்தைவிட நடக்கும் நேரமே அதிகமாகும். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் நகர்ந்து தகவலைப் படிக்கும் முள்ளும் அப்படித்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி எடுக்கிறது. தேவையான இடம் முள்ளுக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி, முள் நகர்ந்து போக அதற்கு மேலும் கொஞ்சம். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு நூறு இடத்தைத் தொட்டாலே பெரிது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நடக்கும் முள்ளும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும். இன்றைய விண்டோஸ் பின்னணியில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் இந்தச் சிதறிய வகைதான்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால், உங்கள் டிஸ்க் எச்டிடியா எஸ்எஸ்டியா என்றும், சராசரியாக எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்றும் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருபது முப்பது மில்லிநொடி சாதாரணம். வேலை நெருக்கத்தில் நூறு இருநூறுக்குப் போகும். சும்மா இருக்கும்போதே ஆயிரத்தைத் தாண்டி நின்றால், மறுபடி ஸ்மார்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எங்கள் தாமானில் ஓர் அக்கா. மகள் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப் போகிறாள். "தம்பி, நான் ஒண்ணையும் தொறக்கலியே, இது யாருக்கு இப்படி ஓடுது?" என்று கேட்டார். எந்த மென்பொருள் டிஸ்க்கைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதியில் கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியிலேயே பேஜ்ஃபைல் நின்றது; ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு அது. 4 ஜிபி ரேமில் குரோம் ஒன்றே பாதிக்கு மேல் தின்றிருந்தது; இடம் போதாததால் விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதுவதும், திரும்பப் படிப்பதும், மறுபடி எழுதுவதுமாக இருந்தது. அதற்கு அடுத்த வரிகளில் வைரஸ் தடுப்பு, கைப்பேசியிலிருந்து இறக்கிய வாட்ஸ்அப் படங்கள் நிறைந்த ஒரு பெரிய ஃபோல்டரை ஒவ்வொரு கோப்பாகச் சோதித்துக்கொண்டிருந்தது. "அப்ப வைரஸ் இல்லையா?" என்றார். "இல்லக்கா. காவலாளிதான் வீட்டச் சுத்தி வர்றான்." அக்காவின் முகத்தில் நிம்மதி வந்தது, கணினிக்கு வேகம் வரவில்லை. அதற்குத்தான் அடுத்து வரும் வழிகள்.

பொறுத்துப் பார்ப்பது

செலவே இல்லாத வழி இதுதான். நம் ஊர்களில் பலர் நினைப்பதைவிட இதற்குப் பலன் அதிகம். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்புக்கு இயல்பாகக் குறித்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. டிஃப்ராக், சில அப்டேட் வேலைகள், சோதனைகள் எல்லாம் அந்த நேரத்துக்கு. நம் வீடுகளிலோ இடிக்குப் பயந்து, வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம். அது நியாயமான பயம். மாலை மழையில் இடி விழுந்து மோடமும் கணினியும் போன வீடுகள் இங்கே உண்டு. ஆனால் இரவில் முடியாத வேலைகளை விண்டோஸ் மறப்பதில்லை. அடுத்து எப்போது கணினி சும்மா இருக்கிறதோ அப்போது தொடங்கும். வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும் திறக்கும் கணினிக்கு எப்போதும் பாக்கி இருந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வானம் தெளிந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மின்சாரத்தில் செருகி, தூங்கும் நேரத்தை 'நெவர்' என்று வைத்துவிட்டு நான்கைந்து மணி நேரம் விட்டுவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் பகுதிக்குப் போய்ப் பராமரிப்பைக் கையாலேயே தொடங்கவும் முடியும். அன்று மாலை விளக்கு அடங்கிவிட்டால் பிரச்சினை பாக்கி வேலைதான். அடங்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மெதுவான இணைப்பில் அப்டேட் இறங்குவது நாள்கணக்கில் இழுக்கும். அதுவரை டிஸ்க்கும் அடங்காது. அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவிட்டால் விண்டோஸ் பெரிய இறக்கங்களைத் தள்ளிவைக்கும். ஆனால் மாதம் ஒரு முறையாவது நல்ல வைஃபை உள்ள வீட்டுக்குக் கொண்டுபோய் அப்டேட்டை முடித்துவிட வேண்டும்.

சர்வீஸ்களை நிறுத்துவது

இணையத்தில் அதிகம் பரவும் அறிவுரை இது. சிஸ்மெயினை நிறுத்து, கோப்புகளைத் தேட விண்டோஸ் தயாரிக்கும் தேடல் பட்டியலை நிறுத்து, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரை நிறுத்து என்பார்கள். மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிஸ்மெயின் என்பது முன்பு சூப்பர்ஃபெட்ச் என்று இருந்தது. நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கும். நிறுத்தினால் தொடக்கத்தில் சத்தம் குறையும், ஆனால் மென்பொருள்கள் திறப்பது மெதுவாகலாம். ஒரு வாரம் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யலாம். தேடல் பட்டியலை முழுக்க நிறுத்துவதைவிட, படங்கள் நிறைந்த ஃபோல்டர்களை மட்டும் அதிலிருந்து விலக்குவது நல்லது. டிஃபென்டரை நிறுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பள்ளி வேலைக்காகப் பிரிண்ட் கடைக்குப் பென்டிரைவ் போய்வருகிறது. அந்தப் பென்டிரைவில் என்ன ஏறி வருகிறது என்று நமக்குத் தெரியாது.

டோரண்ட் மென்பொருள் பின்னணியில் ஓடினால் அதை மட்டும் தயங்காமல் மூடுங்கள். மற்றபடி இந்த வழியில் கிடைப்பது கொஞ்ச நாள் நிம்மதி. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் பழைய கதை திரும்பக்கூடும்.

ரேமா, எஸ்எஸ்டியா?

காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதை வாங்குவது? அந்த அக்காவின் கணினியில் பேஜ்ஃபைல் முதல் வரியில் இருந்ததால் ரேம்தான் விடை என்று தோன்றும். ஆனாலும் எஸ்எஸ்டியே முதலில் என்பேன். ரேம் ஏற்றினால் குரோம் திணறுவது நிற்கும். கணினி திறப்பது, அப்டேட் போடுவது, வைரஸ் சோதனை, வேர்டு திறப்பது எல்லாம் பழைய வேகத்திலேயே இருக்கும். எஸ்எஸ்டி போட்டால் இவை எல்லாமே மாறும், பேஜ்ஃபைலுக்குப் போய்வருவதும் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: சாம்சங் 870 எவோவின் 250 ஜிபி வகைக்கு, எழுத 150 டெராபைட் அல்லது 5 ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் 150 டெராபைட்டைத் தொட இருபது ஆண்டு ஆகும்.

2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருப்பதும் கணக்கில் வரவேண்டும். ரேம், எஸ்எஸ்டி இரண்டையுமே அது தொட்டிருக்கிறது. வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ரேம் வாங்குவதென்றால் டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்று வகை பார்க்க வேண்டும். வகை பார்க்காமல் வாங்கினால் பொருந்தாமலோ வேலை செய்யாமலோ போகலாம். ரேம் செருக எத்தனை இடம் காலி என்பதை டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கமே சொல்லும். சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு ஒட்டியே இருக்கும். அவற்றில் ஏற்ற வழியே இல்லாமலும் போகலாம்.

எஸ்எஸ்டியிலும் வகை உண்டு. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த பழைய மடிக்கணினிகளுக்குப் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா (இணைப்பு வகை) எஸ்எஸ்டி நேராகப் பொருந்தும். மேசைக் கணினி என்றால் இன்னும் வசதி: விண்டோஸை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, நலமாக உள்ள பழைய டிஸ்க்கைப் படங்களுக்கு அப்படியே விட்டுவைக்கலாம். இணையச் சந்தையில் நம்ப முடியாத விலைக்கு 2 டெராபைட், 16 டெராபைட் என்று விற்கும் கையடக்க டிஸ்க்குகளைத் தொடாதீர்கள். இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் காட்டும் போலிகள் அவற்றில் உண்டு. பாதி நிரம்பிய பிறகு எழுதும் படங்கள் காணாமல் போகும்.

மாற்றும்போது இன்னொரு தேர்வு வரும்: இருப்பதை அப்படியே நகலெடுப்பதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? மறுபடி நிறுவ முடியாத கணக்கு மென்பொருளோ தமிழ் எழுத்துரு மென்பொருளோ இருந்தால் நகலெடுங்கள். டிஸ்க்கை நகலெடுக்கும் இலவச மென்பொருளான குளோன்சில்லா இருக்கிறது, ஆனால் அது பொதுவாகப் புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருப்பதை ஏற்காது. 500 ஜிபியிலிருந்து 250 ஜிபிக்குப் போகிறவர்கள் எஸ்எஸ்டி நிறுவனம் தரும் நகல் மென்பொருளைப் பயன்படுத்துவது எளிது. மற்ற எல்லாருக்கும் புதிதாகப் போடுவதே மேல். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையோடு சேர்ந்தது என்பதால் டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் உரிமம் போய்விடாது. விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் டிஸ்க் மறையாக்கம் (பூட்டு) செய்யப்பட்டிருந்தால் மட்டும் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; செயலி இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் வாங்கிய பழைய கணினிகள் பலவும் இந்த வாசலைத் தாண்டாது. அப்படியானால் அதில் எஸ்எஸ்டி போடுவது வீண் செலவா?

இல்லை என்றே நினைக்கிறேன். எஸ்எஸ்டி கணினியோடு சாவதில்லை. நாளைக்கு வேறு கணினி வாங்கினால், ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு அதே எஸ்எஸ்டியைப் படங்களின் காப்பு நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவரை அந்தக் கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். அதற்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி பரிந்துரை. உலாவியில் நடக்கும் பள்ளி வேலைகளுக்கும் யூடியூபுக்கும் அது போதும். தமிழ்99 விசைமுகமும் அதில் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் ஆபிஸை அதில் நேராக நிறுவ முடியாது, லிப்ரே ஆபிஸில் பழக வேண்டும். வீட்டில் ஒருவராவது ஆர்வமாகக் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் லினக்ஸைச் சொல்வேன். எதற்கெடுத்தாலும் பக்கத்து வீட்டுத் தம்பியை எதிர்பார்க்கும் வீட்டுக்கு அது சுமைதான்.

புதுசு வாங்குவது எப்போது சரி? விண்டோஸ் மென்பொருள் இல்லாமல் வேலை நடக்காது, கணினியோ விண்டோஸ் 11ஐ ஏற்காது, ரேமும் ஏற்ற முடியாது என்று மூன்றும் சேர்ந்தால். அல்லது பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது என்றால். வருமான வரி கட்டுபவர்கள் கணினி வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாழ்க்கைமுறை வரிவிலக்கின் 2,500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அது அடங்கும். பழைய கணினியே மறுபடி வாங்குவதானால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் 1 டெராபைட் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பழைய சுழலும் டிஸ்க்காகவும் இருக்கலாம்.

எஸ்எஸ்டி மாற்றும் வேலையைக் கையால் செய்யத் தயக்கம் என்றால் ஊர்க் கடையிலோ ஈப்போவிலோ கொடுக்கலாம். 'கணினி ஸ்லோ' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த எஸ்எஸ்டி போடப்போகிறார்கள், எத்தனை ஆண்டு உத்தரவாதம், நகலா புது விண்டோஸா, விண்டோஸ் என்றால் உரிமம் உள்ளதா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கட்டாயம் திருப்பிக் கேளுங்கள். அதில் அடையாள அட்டை நகல், வங்கி ஆவணம், குடும்பப் படம் எல்லாம் இருக்கும். எஸ்எஸ்டி போட்ட கணினி ஒழுங்காக ஓடுகிறது, எல்லாப் படமும் வந்து சேர்ந்திருக்கிறது என்று சில மாதம் பார்த்து உறுதி செய்த பிறகுதான் அந்தப் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டும்.